அக்கா வாசித்த மூன்று பிறந்தநாள் வாழ்த்துகள்

எங்கள் அக்கா கண்மூடி இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உங்களில் பலருக்கு அவரது முகத்தைவிடக் குரல்தான் முதலில் நினைவுக்கு வரும். வானொலியில் கேட்டிருப்பீர்கள், சனிக்கிழமை மாலைகளில் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அவரது நகைச்சுவையைப் பற்றி நண்பர்கள் வேறு பக்கங்களில் அழகாக எழுதியிருக்கிறார்கள். தம்பியாகிய நான் எழுத விரும்புவது அவரது பயத்தைப் பற்றி. அத்தானும் அவர்கள் மகளான என் மருமகளும் சம்மதித்த பிறகே இதை எழுதத் துணிந்தேன். இதில் வரும் சில செய்திகள் எங்கள் வீட்டுக்கு வெளியே இதுவரை யாருக்கும் தெரியாதவை.

அக்கா பிறந்தது கொழும்புக் கொட்டாஞ்சேனையில், தேவாலய மணி காதருகே கேட்கும் ஓர் ஒழுங்கையில். அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிளாக். எனக்கு நான்கு வயதாக இருந்தபோது வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சு வலித்து விழுந்தார். வீட்டுக்கு வந்தது உடல்தான். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவரான அக்கா அன்றைக்கே பெரியவராகிவிட்டார். படிப்பை நிறுத்தித் தட்டெழுத்துப் பழகி, கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் சேர்ந்தார். நடிப்பு என்பது பெருநாள் காலத்தில் பங்கு மண்டபத்தில் போடும் நாடகங்களோடு சரி. மீன்காரி, பஸ் கொண்டக்டர், பிரசங்கம் நீண்டுபோய்த் தடுமாறும் பங்குச் சுவாமி என்று யாரையும் அக்கா ஒருமுறை பார்த்தால் போதும், மறுநாள் அந்த ஆளாகவே எங்கள் குசினி அடுப்பருகே நிற்பார்.

தமிழர்களைத் தேடித் தாக்கிய ஆடிக் கலவரத்தின்போது எனக்கு எட்டு வயது. அடுத்த வீட்டுச் சிங்கள நோனா எங்கள் மூவரையும் தன் பின்னறையில் மூன்று நாள் ஒளித்து வைத்திருந்தார். வெளியே ஆட்கள் ஓடும் சத்தமும் கண்ணாடி உடையும் சத்தமும் கேட்டன. நான் அழத் தொடங்கினால் எல்லோரும் செத்தோம். அப்போதுதான் அக்கா எனக்கு முன்னால் முழந்தாளிட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்து மூடி, சத்தமே இல்லாமல் எங்கள் சுவாமியின் பிரசங்கத்தைச் செய்து காட்டினார். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மா செபமாலையை உருட்டியபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கழுத்து நரம்பு துடித்துக்கொண்டே இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பயந்து நடுங்கும்போதுதான் அவர் மிக நன்றாக நடிப்பார் என்பதை அந்த அறையில் கண்டேன்.

கப்பல் அலுவலகம் எரிந்து போனது. வேலை இல்லாமல் இருந்தபோது பங்கு நாடகத்தைப் பார்த்திருந்த ஒருவர் வானொலிக்கு அழைத்தார். சிறு வேடங்கள், பிறகு தொடர் நாடகம், பிறகு தொலைக்காட்சி. வாரம் ஒரு மணி நேரத் தமிழ் நிகழ்ச்சியொன்றை நேரடியாகத் தொகுத்து வழங்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. பாட்டு, பேட்டி, நடுவில் ஒரு நகைச்சுவைத் துண்டு, கடைசியில் நேயர்கள் அனுப்பும் பிறந்தநாள் வாழ்த்துகள். அந்த நகைச்சுவைத் துண்டுக்காகத்தான் அக்கா ஞானம் அன்ரியை உருவாக்கினார்.

ஞானம் அன்ரி வெள்ளவத்தையில் அறைகளை வாடகைக்கு விடும் ஒரு விதவை. யார் கதவைத் தட்டினாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளை, பொலிஸ் ரிப்போட் இருக்கோ?" பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடமும் கேட்பார், கூரையில் நிற்கும் காகத்திடமும் கேட்பார். போர் நடந்த அந்தக் காலத்தில் கொழும்பில் வாழ்ந்த தமிழர்களுக்கு இதன் பொருளைச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் தங்கும் ஒவ்வொருவரின் பெயரையும் பொலிஸில் பதிந்து, அந்தத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும். தாளில் பெயர் இல்லாதவரைக் கொண்டுபோவார்கள். எல்லோரையும் வாட்டிய அந்தப் பயத்தை அக்கா எடுத்துச் சிரிக்க வைத்தார். அதனால் தமிழர் பக்கம், அரசாங்கப் பக்கம் என்று இரண்டு பக்கத்தாருக்கும் அவர் மேல் கண் இருந்தது. "எங்கட சனம் சாகேக்க நீர் பல்லைக் காட்டுறீர்" என்று கையொப்பமில்லாத கடிதம் ஒன்று வந்தது. வேறொரு நாள் தொலைபேசியில் ஒருவர் மிகவும் மரியாதையாக, சிங்களத்தில், வீட்டு முகவரி இன்னும் பழையதுதானா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார். நிகழ்ச்சி தொடங்குமுன் அக்காவின் கைகள் ஐஸ் போல் குளிர்ந்திருக்கும் என்று அத்தான் சொல்வார். திருமணமாகி அவர்கள் வெள்ளவத்தையில் குடியிருந்தார்கள். நானும் அம்மாவும் கொட்டாஞ்சேனையிலேயே இருந்தோம்.

நான் மட்டக்களப்பில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து பத்து நாளாகியும் என் பெயரைப் பதியவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று நானே தள்ளிப் போட்டேன். நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. மறுநாள் விடிந்தபோது ஒழுங்கையின் இரு முனைகளிலும் ட்ரக்குகள் நின்றன. அம்மா நீட்டிய தாளில் ஒரு பெயர்தான் இருந்தது. என்னை ஏற்றினார்கள்.

நிலையத்தில் கம்பிக் கதவு போட்ட ஒரு சிறிய அறையில் எங்கள் நால்வரை அடைத்தார்கள். மற்ற மூவரும் மலையகத்துப் பிள்ளைகள், புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்தவர்கள். பதுளையிலிருந்து சந்திரன், மஸ்கெலியாவிலிருந்து செல்வகுமார், இறாகலையிலிருந்து யோகராஜ். அவர்கள் பிடிபட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. வீட்டாருக்குத் தெரியாது. தேயிலைத் தோட்டத்து லயங்களின் வரிசை வீடுகளில் ஏது தொலைபேசி? சந்திரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க முன்னுக்குப் போனா எங்க வீட்டுக்கு ஒரு சொல்லு சொல்லிருங்க" என்றான். மூவரும் தங்கள் தோட்டத்தின் பெயரையும் லயத்தின் பெயரையும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் மனப்பாடம் செய்தேன். எழுதுவதற்குத் தாளும் இல்லை, எழுதும் தைரியமும் இல்லை.

பத்து மணியளவில் அக்கா வந்தார். அம்மாவை வாசலில் இருத்திவிட்டுத் தனியாக உள்ளே வந்தார். எங்கள் கதவிலிருந்து பொறுப்பதிகாரியின் மேசை தெரியும். அக்கா என் மாணவர் அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் மேசையில் வைத்தார். அதிகாரி அவற்றைப் பார்க்கவில்லை; அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"மே ரீவீ எக்கே நோனா நேத?"

தொலைக்காட்சியில் வரும் பெண்தானே என்று கேட்கிறார். அக்கா ஆம் என்று தலையாட்டினார். தமிழ் புரியாவிட்டாலும் அந்த வாடகை வீட்டுக் கிழவி தனக்குப் பிடிக்கும் என்றார் அவர். இப்போது இங்கே அதைச் செய்து காட்டச் சொன்னார், சிங்களத்தில். மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் வந்து நின்றார்கள். ஒருவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

அக்கா என் பக்கம் திரும்பினார். பிறகு சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்து, முதுகை வளைத்து, ஞானம் அன்ரியாகி, அதிகாரியை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"மாத்தயாகே பொலிஸ் ரிப்போட் எக்க தியெனவத?"

ஐயாவிடம் பொலிஸ் ரிப்போட் இருக்கிறதா? அதை அந்த அதிகாரியிடமே கேட்டுவிட்டார். வேறெதுவும் வாயில் வரவில்லை, பயத்தில் அதுதான் வந்தது என்று பிற்பாடு சொன்னார். அதிகாரியின் முகம் அசையவில்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. இனி இருவரும் வெளியே போகமாட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது என் தோளுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். யோகராஜ். வாயைப் பொத்தியும் அடக்க முடியாமல், சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கால் சிரித்தான். அதைக் கேட்டு ஒரு கான்ஸ்டபிள் சிரித்தான். பிறகு அதிகாரி மேசையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா நிறுத்தவில்லை; அலமாரியிடம், துப்பாக்கியிடம், சுவரில் தொங்கிய கடிகாரத்திடம் எல்லாம் ரிப்போட் கேட்டார். அவரது வலது கை சேலைக் கரையைப் பிடித்திருந்த இடம் வியர்வையில் நனைந்து கறுத்திருந்தது.

கதவைத் திறந்து என்னை விட்டார்கள். அக்கா மெதுவாக, "உள்ளே இருக்கிற மற்றப் பிள்ளைகள்..." என்று தொடங்கினார். அதிகாரியின் முகத்திலிருந்து சிரிப்பு மறைந்தது.

"நோனா, மல்லிவ அரங் யன்ன."

தம்பியைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். நாங்கள் போனோம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

முச்சக்கர வண்டியில் அக்காவிடம் மூன்று பெயர்களையும் மூன்று தோட்டங்களையும் சொன்னேன். அம்மா என் வாயைக் கையால் மூடினார். "போதும். பிள்ளை வந்திட்டான். இனி ஒருத்தரும் ஒண்டும் கதைக்கக் கூடாது." கடிதம் போட்டால் யார் பிரிப்பார்களோ தெரியாது. நேரே போனால் எங்கிருந்து செய்தி வந்ததென்று தோட்டம் முழுக்கப் பேசும். இப்படி யோசித்துக்கொண்டே இருந்த அக்கா, வெள்ளிக்கிழமை மாலை என்னிடம் கேட்டார்: "தம்பி, லயத்தில ரீவீ பாப்பினமோ?"

"பாப்பினம் அக்கா. சனிக்கிழமை எல்லாரும் ஒரு வீட்டில கூடுவினமாம். செல்வகுமார் சொன்னவன்."

அன்றே அக்கா மூன்று வாழ்த்து அட்டைகள் எழுதினார்.

வாழ்த்து அட்டைகளைப் பார்த்துக் கையொப்பம் வைக்க வேண்டியவர் கலையகப் பொறுப்பாளர். நாங்கள் விமல் அய்யே, சிங்களத்தில் அண்ணன், என்று அழைத்த அவர் ஓரளவு தமிழ் வாசிப்பார். மூன்று அட்டைகளையும் விசிறி போலப் பிடித்துப் பார்த்தவர், "நங்கி, மே துனேம எக்கம அத் அக்குரு நே?" என்றாராம். மூன்றிலும் ஒரே கையெழுத்தல்லவா? அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து மூன்றிலும் கையொப்பம் வைத்தார்.

கொட்டாஞ்சேனை வீட்டில் நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா வழக்கம் போலச் சிரித்த முகத்தோடு வாசித்தார். நுகேகொடையில் ஐந்து வயதை எட்டும் ஒரு சிறுமி. பாமன்கடையில் ஒரு தாத்தா. பிறகு, அதே சிரிப்போடு: "பதுளையைச் சேர்ந்த சந்திரன், மஸ்கெலியாவைச் சேர்ந்த செல்வகுமார், இறாகலையைச் சேர்ந்த யோகராஜ், மூவருக்கும் இன்று பிறந்தநாள். கொட்டாஞ்சேனையில் காக்கிச்சட்டை மாமா வீட்டில் மூவரும் ஒன்றாக இருக்கிறார்கள். அம்மா அப்பா வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார்கள்." தோட்டங்களின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். அம்மா எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தார். நாட்டுக்கே கேட்டுவிட்டது, எங்கள் வீட்டில் குறைத்து என்ன பயன்?

திங்கட்கிழமை இரண்டு பேர் கலையகத்துக்கு வந்து அட்டைகளைக் கேட்டார்கள். "வாசித்த அட்டைகளை அன்றன்றே கிழித்துப் போடுவது வழக்கம், அனுமதித்தது நான்தான், எனக்குத் தப்பாக ஒன்றும் தெரியவில்லை" என்று விமல் அய்யே சொன்னார். மணிக்கணக்கில் அவரை விசாரித்தார்கள். அடுத்த வாரமே அவரைப் பழைய நாடாக்களை அடுக்கும் களஞ்சிய அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். ஞானம் அன்ரி இனி வரக்கூடாது என்று நிர்வாகம் சொன்னது. அக்காவிடம் இரண்டு முறை வாக்குமூலம் வாங்கினார்கள்.

அந்த நாட்களில் வெள்ளவத்தை வீட்டு ஒழுங்கையில் ஒரு வெள்ளை வான் வந்து நிற்கத் தொடங்கியது. ஆட்களைக் கடத்திக்கொண்டு போக வெள்ளை வான்கள் வரும் காலம் அது. மூன்று நாள் அக்கா யன்னலைத் திறக்கவில்லை. பகலிலும் கதவுக்குப் பின்னால் கதிரையைச் சாய்த்து வைத்தார். நான்காம் நாள் அத்தான் துணிந்து போய்ப் பார்த்தார். பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவரும் வான். வேறு யாரென்றாலும் அதைச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து அழுதார். அப்போது அவர் வயிற்றில் மருமகள் மூன்று மாதம். ஏழு வருடம் காத்திருந்து தங்கிய பிள்ளை.

வாழ்த்து வாசித்து ஒன்பதாம் நாள் கலையக வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். சந்திரனின் தாய். "எம் மகனுக்குத் தை மாசந்தாங்க பொறந்தநாளு. நீங்க ஆவணியில வாழ்த்துச் சொன்னீங்க. என்னமோ இருக்குன்னு நெனச்சுத்தான் பஸ் ஏறுனேன்" என்றார். அக்கா அவரைத் தெருமுனைக்கு அழைத்துச் சென்று எல்லாவற்றையும் சொன்னார். மறுநாள் செல்வகுமாரின் தகப்பனார் வந்தார். எங்கள் பங்குத் தந்தை ஒரு சட்டத்தரணியைப் பிடித்துக் கொடுத்தார். சில மாதங்களில் இருவரும் வெளியே வந்தார்கள்.

யோகராஜின் அம்மா வந்து சேர மூன்று வாரமானது. அவர் மலையில் வேறொரு தோட்டத்தில் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். வாழ்த்தை மற்றவர்கள் கேட்டு, வாய்வழியாகச் செய்தி போயிருக்கிறது. அதற்குள் யோகராஜை அங்கிருந்து கொண்டுபோய்விட்டார்கள். அப்படியொருவர் இங்கே இருந்ததே இல்லை என்று நிலையத்தில் சொன்னார்கள். நான் இருந்தேன், அவன் மூச்சுக்காற்று என் கழுத்தில் பட்டது என்று எழுதிக் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அந்த அம்மா பிறகொரு நாள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். கொடுத்த தேநீரைத் தொடாமல் கேட்டார்: "இன்னொரு தடவ அவன் பேரச் சொல்லுங்கம்மா. பேரு வெளிய கேட்டுக்கிட்டே இருந்தா அவன ஒன்னும் செய்ய மாட்டாங்க."

அக்கா தரையைப் பார்த்தபடி சொன்னார்: "என்னால ஏலாது அம்மா. எனக்குப் பயமா இருக்கு."

அந்த அம்மா கோபப்படவில்லை. அக்காவின் வயிற்றைப் பார்த்தார். "சரிம்மா. நீங்க பத்தரமா இருங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அக்கா அவர் பின்னாலேயே வாசல் கேற்வரை போனார், கூப்பிடவில்லை.

அதன் பிறகு அக்கா பல ஆண்டுகள் அதே நிகழ்ச்சியை நடத்தினார். விருதுகள் வாங்கினார், வெளிநாடுகளில் மேடையேறினார். நிர்வாகம் மாறியதும் ஞானம் அன்ரியைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். "அவ ஊருக்குப் போயிட்டா" என்று சொல்லி மறுத்துவிட்டார். பழகியவர்களிடம் அவர் காட்டிய அன்பையும், நலிந்த கலைஞர்களுக்குச் செய்த உதவிகளையும் பலர் அறிவீர்கள். வீட்டில் யாராவது கதவைப் பலமாகத் தட்டினால் மட்டும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நிற்பார்.

போர் முடிந்த அடுத்த வருடம் அக்கா என்னை அழைத்துக்கொண்டு இறாகலைக்குப் போனார். யோகராஜின் அம்மா உயிரோடு இருந்தார். காணாமல் போனோர் கொமிஷன், முகாம், சிறை என்று எல்லா வாசலும் ஏறி இறங்கியிருந்தார். அக்கா அவர் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். அவர் அக்காவைத் தூக்கி நிறுத்திச் சொன்னார்: "ஒங்க நிகழ்ச்சிய ஒரு வாரங்கூட விட்டதில்லம்மா. என்னைக்காச்சும் ஒரு நாளு சொல்லிருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

பங்குனி மாதத்தில், யோகராஜின் உண்மையான பிறந்தநாளுக்குக் கிட்டிய சனிக்கிழமை, வாழ்த்துகளின் கடைசியில் அக்கா அவன் பெயரையும் தாயின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வாசித்தார். "இவர் எங்கிருக்கிறார் என்று அம்மா கேட்கிறார்" என்றார். அந்த வாரமே வீட்டுத் தொலைபேசி அடித்தது, எடுத்தால் பேச்சில்லை. அடுத்த பங்குனியிலும் வாசித்தார். அதோடு நிகழ்ச்சியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

கடைசி இரண்டு ஆண்டுகள் சிறுநீரகம் செயலிழந்து வாரம் இரு முறை இரத்தம் சுத்திகரிக்கப் போனார். ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வார். தாதிமார் அவரை அடையாளம் கண்டு ஒரு தடவை அந்த அன்ரியைச் செய்து காட்டும்படி கெஞ்சுவார்கள். பாட்டுப் பாடுவார், சுவாமி பிரசங்கம் செய்வார், அதை மட்டும் செய்யமாட்டார். ஒரு வியாழக்கிழமை காலை, மருமகளின் கையைப் பிடித்தபடி, அமைதியாகப் போனார். முகத்தில் பயம் இருக்கவில்லை என்று அத்தான் சொல்கிறார். நான் அதை நம்ப விரும்புகிறேன்.

அக்காவை இறுதிவரை பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், வீட்டுக்கும் கல்லறைக்கும் வந்து எம்மோடு நின்ற உறவினர், அயலவர், கலைஞர்களுக்கும், நினைவுத் திருப்பலியை ஒப்புக்கொடுக்கும் பங்குத் தந்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பிள்ளைகளோடு பதுளையிலிருந்து வந்து பெட்டியைத் தோளில் சுமந்த சந்திரனுக்கு நன்றி. விமல் அய்யே இன்று இல்லை. அவரது பிள்ளைகளுக்கு எங்கள் வணக்கம்.

யோகராஜின் அம்மா இன்னும் இறாகலையில் இருக்கிறார். அவருக்கு நன்றி சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. அவர் மகன் மெலிந்த உடம்புக்காரன், இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, சிரித்தால் மூக்கால் சிரிப்பான். இந்த மலர் பல கைகளுக்குப் போகும். யாரிடமாவது அவனைப் பற்றி ஒரு சொல் இருந்தால், எங்கள் வீட்டுக் கதவுக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதம் தள்ளிவிட்டுப் போங்கள். உங்கள் பெயரை எழுத வேண்டியதில்லை.